ஊர் வட்ஸ்அப் குரூப்: விதி, அழிப்பு, நீக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியில் கரண்ட் போனாலும், ஆஸ்பத்திரியில் அவசரமாக இரத்தம் தேவைப்பட்டாலும், மூதூர்ப் பக்கம் பஸ் ஓடுகிறதா என்று தெரியவேண்டும் என்றாலும், இப்போது முதலில் பார்ப்பது ஊர் வட்ஸ்அப் குரூப்பைத்தான். அதனாலேயே அதில் எதைப் போடலாம், எதை அழிக்கலாம், யாரை வெளியே விடலாம் என்ற வாக்குவாதமும் ஓய்வதில்லை. திருகோணமலைப் பக்கத்து ஊர்க் குரூப்புகளின் அட்மின்மாரிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்பவர்கள் கேட்கும் மாதிரியே எழுதிப் பதில் தந்திருக்கிறோம். சில நூறு பேர் உள்ள, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்திருக்கும் குரூப்புகளை மனதில் வைத்து எழுதியது இது.

குரூப்பில சேர்த்து விட்டாங்க. விதி விதி எண்டுறாங்க, அது எங்க கிடக்கு?

மேலே குரூப்பின் பெயரைத் தட்டினால் விளக்கப் பகுதி வரும். விதிகள் அங்கே இருக்கவேண்டும். சில குரூப்புகளில் விதியை ஒரு மெசேஜாகப் போட்டு மேலே பின் குத்தி வைப்பார்கள். அது போதாது. பின் குத்தும்போது 24 மணித்தியாலம், 7 நாள், 30 நாள் என்று ஒரு காலத்தைத் தெரிவு செய்யவேண்டும். அது முடிந்ததும் பின் தானாகக் கழன்றுவிடும். விளக்கப் பகுதியில் எழுதியது அட்மின் மாற்றும்வரை அப்படியே இருக்கும்.

விளக்கத்துக்கு எழுத்து வரம்பு உண்டு. தமிழில் கொம்பும் விசிறியும் தனித்தனியாகக் கணக்கில் சேர்வதால் அந்த இடம் நினைப்பதைவிட வேகமாக நிரம்பும். ஆறு, ஏழு விதிக்குமேல் எழுதினால் எவரும் வாசிப்பதும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போடுங்கள். பின்னர் ஒரு மெசேஜை அழிக்கும்போது "விதி 3" என்று சொன்னாலே போதும்.

நாங்க எல்லாரும் ஒரே ஊர்ச்சனம்தானே, எதுக்கு இவ்வளவு விதி?

ஒரே ஊர் என்பதால்தான். முகம் தெரியாதவரோடு வட்ஸ்அப்பில் சண்டை வந்தால் போனை மூடி வைத்துவிடலாம். ஊர்க் குரூப்பில் சண்டை பிடித்தவரை மறுநாள் மீன் சந்தையில் காணவேண்டும், கோயில் திருவிழாவில் காணவேண்டும். சண்டை வந்தபிறகு எழுதும் விதி எப்போதும் ஒருவரை நோக்கி எழுதியதாகவே தெரியும். ஆகவே குரூப் அமைதியாக இருக்கும்போதே எழுதி வைக்கவேண்டும்.

விதி எழுதும்போது செயலைச் சொல்லுங்கள். "நாகரிகமாகப் பேசவும்" என்பது விதி அல்ல. எது நாகரிகம் என்று ஆளுக்கொரு கணக்கு இருக்கும். "ஒருவரின் சாதி, மதம், குடும்பத்தைச் சொல்லித் திட்டினால் மெசேஜ் அழிக்கப்படும்" என்றால் போடுபவருக்கும் தெரியும், அழிப்பவருக்கும் தெரியும். "வியாபார விளம்பரம் வெள்ளிக்கிழமை மட்டும், ஒருவருக்கு ஒன்று", "குரல் பதிவு ஒரு நிமிடத்துக்குள், அதோடு எதைப்பற்றி என்று ஒரு வரி எழுத்தில்" என்பவையும் இப்படிப்பட்டவை. குரல் பதிவு விதி சின்னதாகத் தெரியும், ஆனால் முக்கியமானது. எழுத்தைத் தேடிப் பார்க்கலாம், ஒரு கண்ணோட்டத்தில் படிக்கலாம். ஐந்து நிமிடக் குரல் பதிவில் நாலாவது நிமிடத்தில் ஒருவரைத் திட்டியிருந்தால், அட்மின் அதைக் கேட்டு முடிக்குமுன் நூறு பேர் கேட்டிருப்பார்கள்.

என்ட மெசேஜை ஏன் தூக்கினீங்க? ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதா?

சொல்லவேண்டும். இதில் கேட்பவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அட்மின் ஒருவர் மற்றவரின் மெசேஜை எல்லோருக்கும் அழித்தால், எந்த அட்மின் அழித்தார் என்று அந்த இடத்தில் காட்டும். ஏன் என்று காட்டாது. அந்த வெறும் வரியைப் பார்த்து ஊர் ஆயிரம் காரணம் கட்டும். அதனால் அழித்தவர் உடனே இரண்டு வேலை செய்யவேண்டும். போட்டவருக்குத் தனியாக ஒரு மெசேஜ்: எந்த விதி, எந்தப் பகுதி பிழை, எப்படித் திருத்திப் போடலாம். குரூப்பில் ஒரே ஒரு வரி: "விதி 4இன் கீழ் ஒரு மெசேஜ் நீக்கப்பட்டது." பெயர் சொல்லத் தேவையில்லை.

அழிக்குமுன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அட்மின்மாரின் தனிக் குரூப்பில் திகதியோடு வைக்கவேண்டும். அழித்தபின் "நான் அப்படி எழுதவே இல்லை" என்று ஒருவர் சொன்னால் கையில் வேறு சான்று இருக்காது. எழுத்துப் பிழையோ தவறான தொலைபேசி இலக்கமோ என்றால் அழிக்கவே வேண்டாம். போட்டு 15 நிமிடத்துக்குள் போட்டவரே திருத்தலாம். அவருக்குச் சொன்னால் போதும்.

அழிச்சா எல்லார்ட போனில இருந்தும் போயிருமா?

குரூப்பில் இருந்து போகும், அதுவும் நேரத்தோடு செய்தால். மெசேஜ் போட்டு ஏறக்குறைய இரண்டு நாளுக்குமேல் ஆகிவிட்டால் எல்லோருக்கும் அழிக்கும் வசதி கிடைக்காது. அதற்குள் அழித்தாலும், படமோ வீடியோவோ ஒருவரின் போன் கலரியில் ஏற்கனவே சேமிக்கப்பட்டிருந்தால் அங்கேயே கிடக்கலாம். வேறு குரூப்புக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பிரதியை இங்கிருந்து தொட முடியாது.

மெசேஜ்கள் அனுப்புபவர் போனிலும் பெறுபவர் போனிலும் மட்டும் வாசிக்கக்கூடியதாகப் பூட்டப்பட்டுப் போவதால், நடுவில் நின்று வடிகட்ட வட்ஸ்அப் நிறுவனத்தாலும் முடியாது. ஊர்க் குரூப்பில் காவல் என்பது அட்மினின் கண்தான். ஆகவே இரவில் விழித்திருக்கும் ஒரு அட்மின் தேவை. கனடாவின் ரொறன்ரோ நேரம் எங்கள் நேரத்துக்குப் பத்து மணித்தியாலம் அளவில் பின்னால் இருக்கிறது. கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அங்கே இருக்கும் ஊரவர் ஒருவரை அட்மினாக்கினால் எங்கள் நடுச்சாமம் அவருக்குப் பகல்.

ஒராளைக் குரூப்பில வச்சுக்கொண்டே கொஞ்ச நாளைக்கு வாயை மூட வைக்க ஏலாதா?

ஏலாது. வட்ஸ்அப் குரூப்பில் ஒருவரை மட்டும் எழுதவிடாமல் தடுக்கும் வசதி இல்லை. அட்மின் கையில் இருப்பவை நாலே நாலு: மெசேஜை அழிக்கலாம், ஆளை எச்சரிக்கலாம், ஆளை நீக்கலாம், அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று முழுக் குரூப்பையும் பூட்டலாம். எச்சரிக்கைக்கும் நீக்கத்துக்கும் நடுவில் படி இல்லாததால்தான் சின்னப் பிழைக்கும் பெரிய தண்டனை விழுந்துவிடுகிறது.

அந்தப் படியை நாங்களே கட்டிக்கொள்ளவேண்டும். நடைமுறையில் சரிவருவது இது. முதல் தடவை அழித்துக் காரணம் சொல்வது. அதே பிழை 30 நாளுக்குள் திரும்ப வந்தால் எழுத்தில் எச்சரிக்கை. மூன்றாம் தடவை ஏழு நாள் வெளியே. நீக்கும்போதே, எந்தத் திகதியில் திரும்பச் சேர்ப்போம் என்று அவருக்கு எழுதிவிடவேண்டும். அந்தத் திகதியில் அவர் கேட்காமலே சேர்க்கவும் வேண்டும். திரும்பி வரும் நாள் தெரிந்தவர் ஒரு கிழமை பொறுப்பார். தெரியாதவர் போட்டிக் குரூப் தொடங்குவார்.

ஒரே நேரத்தில் பத்துப் பேர் சண்டை பிடித்தால் ஆளாளாக எண்ணிக்கொண்டிருக்க நேரம் இல்லை. குரூப்பைப் பூட்டி, "காலை 7 மணிக்குத் திறக்கும்" என்று ஒரு வரி போடுங்கள். நேரம் சொல்லாமல் பூட்டக்கூடாது.

கந்தளாய்க் குளம் உடைஞ்சிட்டுதாம் எண்டு வந்தா, நாலு சனம் தப்பட்டும் எண்டுதானே அனுப்புறன். அதில என்ன பிழை?

நோக்கத்தில் பிழை இல்லை. இந்த மாவட்டத்தில் அந்தச் செய்தி ஒரு சாதாரண வதந்தி அல்ல. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளத்தின் அணை உண்மையாகவே உடைந்து நூற்றுக்குமேற்பட்டோர் இறந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் கரையில் இருக்கும் எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் பொய்யான ஒரு வரி வந்தால் சனம் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஓட்டத்தில் விபத்து நடக்கும். இரண்டு தடவை பொய்க்கு ஓடியவர் மூன்றாம் தடவை உண்மைக்கு ஓடமாட்டார். அதுதான் பெரிய ஆபத்து.

அனுப்புமுன் மெசேஜின் மேலே பாருங்கள். ஒற்றை அம்பு என்றால் யாரோ அனுப்பியதை அனுப்பியிருக்கிறார்கள். இரட்டை அம்பு என்றால் முதலில் எழுதியவரிடமிருந்து ஐந்து கைகளோ அதற்குமேலோ மாறி வந்திருக்கிறது. வட்ஸ்அப்பே அதை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்கு மட்டும்தான் அனுப்பவிடும். அடுத்து மூன்றைத் தேடுங்கள்: திகதி, இடம், சொன்னவர். "இப்போது", "சற்றுமுன்" என்று மட்டும் இருந்தால் அது போன மாரியில் எழுதியதாகவும் இருக்கலாம்.

அனர்த்தச் செய்திக்கு விதி இப்படி இருக்கலாம்: அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டபின், கேட்ட நேரத்தைக் குறித்துத்தான் போடவேண்டும். குளம், வான்கதவு என்றால் நீர்ப்பாசனத் திணைக்களமும், மழை, காற்று என்றால் வளிமண்டலவியல் திணைக்களமும் சொன்னதாக இருக்கவேண்டும். தன் கண்ணால் கண்டதை "தம்பலகாமத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர், இரவு 9.20" என்று போடுவதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அப்படியான மெசேஜ்தான் மற்றவருக்கு மிக உதவும். ஒன்று மட்டும் இதற்கு வெளியே: நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ போனைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. மேட்டுக்குப் போய்விட்டு எழுதுங்கள்.

வதந்தியை அழிப்பதோடு வேலை முடியாது. பார்த்தவர் பார்த்துவிட்டார். "இரவு 8 மணிக்கு வந்த செய்தி பிழை. 8.25க்கு இன்ன இடத்தில் கேட்டோம்" என்று திருத்தத்தை 24 மணித்தியாலத்துக்குப் பின் குத்தி வைக்கவேண்டும். அனுப்பியவரை அந்த இடத்தில் குறை சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த தடவை உண்மையான செய்தியையும் அவர் போடப் பயப்படுவார்.

விபத்துப் படத்தைப் போட்டா ஆள் ஆரெண்டு கண்டுபிடிக்கலாம்தானே?

காயப்பட்டவர், இறந்தவர் முகம் குரூப்பில் வரவே கூடாது. தாய் அந்தச் செய்தியை வட்ஸ்அப்பில் பார்த்து அறியும் நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது. இடம், நேரம், வாகன விபரம், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்பதை எழுத்தில் போடலாம். மரண அறிவித்தலைக் குடும்பத்தவர் ஒருவர் உறுதிப்படுத்தியபின் போடவேண்டும். இந்த விதி மீறப்பட்டால் முதல் தடவை, இரண்டாம் தடவை என்ற கணக்கு இல்லாமல் உடனே அழிக்கலாம். காரணம் சொல்வது மட்டும் அப்போதும் உண்டு.

தொலைஞ்ச ஐடென்டிற்றி காட் ஒண்டு ரோட்டில கிடந்தது. படத்தைப் போடலாமா?

பெயரையும் கண்டெடுத்த இடத்தையும் எழுத்தில் போடுங்கள். படம் வேண்டாம். அடையாள அட்டை இலக்கம், பழைய ஒன்பது இலக்கமானாலும் புதிய பன்னிரண்டு இலக்கமானாலும், பிறந்த ஆண்டையும் நாளையும் காட்டிக் கொடுக்கும். முகமும் விலாசமும் சேர்ந்தால் மோசடிக்காரருக்கு அதுவே போதும். உரியவர் கேட்டு வந்தால் கடைசி மூன்று இலக்கத்தைச் சொல்லச் சொல்லிக் கொடுக்கலாம். வங்கி அட்டை, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

இரத்தம் கேட்கும் மெசேஜிலும் காணாமல்போன பிள்ளை பற்றிய மெசேஜிலும் திகதி கட்டாயம். காரியம் முடிந்ததும் போட்டவரே வந்து "கிடைத்துவிட்டது" என்று எழுதவேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தொலைபேசிக்கு மாதக்கணக்கில் அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.

ஒரு பக்கத்து ஆக்கள் செஞ்சதைச் சொன்னா அது உண்மைதானே, அதை ஏன் இனவாதம் எண்டுறீங்க?

செய்தவரைச் சொல்வது வேறு, அவர் பிறந்த சமூகத்தைச் சொல்வது வேறு. "இன்ன இடத்தில் காணி வேலியை இரவில் பிடுங்கியிருக்கிறார்கள், பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்" என்பது செய்தி. "அவனுகள் எல்லாம் இப்படித்தான்" என்று முடித்தால் வேலி பிடுங்கிய இரண்டு பேரோடு, குரூப்பில் இருக்கும் அந்தச் சமூகத்து எண்பது பேரும் குற்றவாளியாகிறார்கள். அந்த எண்பது பேரில்தான் மழைக்கு வள்ளம் கொண்டுவருபவரும் இருப்பார். முதல் பகுதியை விட்டு இரண்டாம் பகுதியை நீக்கிப் போடச் சொல்லுங்கள். முழுவதையும் அழித்தால் முறைப்பாட்டையே அமுக்கியதாகிவிடும், அதுவும் அநியாயம்.

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது வட்ஸ்அப் வழியாகவும் வெறுப்புச் செய்திகள் பரவின. அரசாங்கம் நாடு முழுவதும் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும் முடக்கியது. அப்படியான நாட்களில் சிங்களத்தில் வந்ததைத் தமிழிலும், தமிழில் வந்ததைச் சிங்களத்திலும் படித்துச் சொல்லக்கூடிய ஒரு அட்மின் இல்லாத குரூப், தன்னுள்ளே என்ன பேசப்படுகிறது என்று அறியாமல் இருக்கும். கலந்த குரூப் என்றால் அட்மின்களும் கலந்தே இருக்கவேண்டும்.

கருத்துச் சுதந்திரம் எண்டு ஒண்டு இருக்குதானே. நீங்க ஆர் அழிக்க?

இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. அரசின் நிருவாகச் செயலால் அது மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் போகலாம். ஊர்க் குரூப் அரசு அல்ல. அழிக்கப்பட்டதை உங்கள் பேஸ்புக்கில் போடவும், வேறு குரூப் தொடங்கவும் உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

ஆனால் இந்தப் பதிலைச் சொல்லி அட்மின் தப்பக்கூடாது. சட்டப்படி பதில் சொல்லத் தேவையில்லை என்பதால் ஊருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்றாகாது. பிரதேச சபையைக் குறை சொன்னதும், கோயில் நிர்வாகத்திடமோ பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ கணக்குக் கேட்டதும் அழிக்கவேண்டியவை அல்ல. அப்படியானவை மறையத் தொடங்கினால் குரூப் யாரோ ஒருவரின் சொத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

அட்மின்ட மச்சான் போட்டா கிடக்கு, நாங்க போட்டாப் போகுது. இதை ஆரிட்டச் சொல்றது?

முடிவெடுத்த அட்மினிடமே முறையிட்டால் பயன் இல்லை. வேறொரு அட்மினுக்கு எழுதுங்கள்: திகதி, உங்கள் மெசேஜ், கிடக்கும் மற்ற மெசேஜ் இரண்டின் ஸ்கிரீன்ஷொட். அழித்தவர் வாக்களிக்காமல் மற்ற அட்மின்கள் 48 மணித்தியாலத்துக்குள் முடிவு சொல்வது நல்ல வழக்கம். பிழை என்றால், அழித்ததற்குக் குரூப்பில் ஒரு வரி போட்டது போலவே, திருத்தியதற்கும் ஒரு வரி போடவேண்டும்.

முந்நூறு பேருக்கு நாலைந்து அட்மின் போதும். ஒரே குடும்பம், ஒரே ஒழுங்கை, ஒரே கட்சி வேண்டாம். தன் உறவினரின் மெசேஜ் என்றால் அந்த அட்மின் கை வைக்காமல் மற்றவருக்கு விடவேண்டும். எந்த விதி, எந்தத் திகதி, யார் முடிவு என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரட்டும்போது யாருக்கு மட்டும் விதி பாய்கிறது என்பது தானாகத் தெரியும்.

ஆரோ போட்டதுக்கு அட்மினைப் பொலிஸ் பிடிக்குமா?

இந்தியாவில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2021இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022இலும், உறுப்பினர் போட்டதற்கு அட்மின் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் குற்றவாளியாகமாட்டார் என்று தீர்ப்பளித்தன. அவை இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இங்கே கவனிக்கவேண்டியவை இரண்டு சட்டங்கள். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டுவதைப் பத்து ஆண்டுவரை சிறையிடக்கூடிய குற்றமாக்குகிறது. பிணை எடுப்பதும் கடினம். 2024 பெப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்த 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுக்களைப் பரப்புவதைப் பற்றியது. அதன் வாசகங்கள் மிகப் பரந்தவை என்ற கண்டனம் அன்றிலிருந்தே இருக்கிறது.

அட்மின் செய்யவேண்டியது: கண்டவுடன் அழிப்பது, மேலே சொன்னபடி ஸ்கிரீன்ஷொட்டும் கொப்பியும் வைத்திருப்பது, அந்த மெசேஜுக்குத் தான் கைதட்டலோ சிரிப்போ போடாமல் இருப்பது. பொலிஸ் கூப்பிட்டால் குரூப் பதிவுகளை அழிக்கக்கூடாது. சட்டத்தரணி ஒருவரோடு போகவேண்டும்.

குரூப்பில இருந்து நம்பரை எடுத்து ஒராள் இன்பொக்ஸில தொந்தரவு தாறான். பிளொக் பண்ணினாப் போதுமா?

பிளொக் செய்தால் தனி மெசேஜும் அழைப்பும் நிற்கும். குரூப்பில் அவர் எழுதுவது உங்களுக்கும், நீங்கள் எழுதுவது அவருக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். அதனால் முதலில் ஸ்கிரீன்ஷொட், பிறகு ரிப்போர்ட், பிறகு பிளொக், பிறகு அட்மினுக்கு அறிவித்தல் என்ற ஒழுங்கில் செய்யுங்கள். ரிப்போர்ட் செய்தால் அவர் உங்களுக்கு அனுப்பிய கடைசி ஐந்து மெசேஜ்வரை வட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும். அவருக்கு அறிவித்தல் போகாது.

அட்மின் இதை "அது உங்கள் தனிப்பட்ட விஷயம்" என்று தள்ளக்கூடாது. நம்பர் போனது குரூப் வழியாக. இங்கே மூன்று படி இல்லை, உடனே நீக்கம். முறையிட்டவர் பெயர் வெளியே வரக்கூடாது. பெண் அட்மின் ஒருவராவது இல்லாத குரூப்பில் இப்படியான முறைப்பாடு வரவே வராது. மிரட்டல், படம் வைத்துப் பயமுறுத்தல் என்றால் பெண்களுக்கு 1938, சிறுவர் என்றால் 1929 என்ற உதவி இலக்கங்கள், உடனடி ஆபத்து என்றால் பொலிஸின் 119.

தெரிஞ்ச அண்ணை ஒராள் குரூப்பில அவசரமாக் காசு கேக்கிறார். எழுத்து அவர்ட மாதிரி இல்ல. என்ன செய்ய?

பதில் எழுதாமல், சாதாரண தொலைபேசி அழைப்பில் அவரை எடுங்கள். அவருடைய வட்ஸ்அப்பை வேறொருவர் பிடித்திருக்கலாம். "தவறுதலாக உங்களுக்கு ஒரு ஆறு இலக்கக் குறியீடு வந்திருக்கும், அனுப்புங்கோ" என்று கேட்டு வாங்கித்தான் பெரும்பாலும் பிடிக்கிறார்கள். அட்மின் அந்த நம்பரை உடனே நீக்கவேண்டும். இதில் எச்சரிக்கைப் படிகள் எதுவும் பொருந்தாது. உரியவர் கணக்கை மீட்டு, குரலில் உறுதிப்படுத்தியபின் திரும்பச் சேர்க்கலாம். உதவிக்கு, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு எடுங்கள்.

பிடிபட்ட நம்பர் ஒரு அட்மினுடையது என்றால் மற்ற அட்மின் முதலில் அவரின் அட்மின் உரிமையை எடுக்கவேண்டும். குரூப்பைத் தொடங்கியவரின் நம்பர் என்றால் அதுவும் முடியாது. தொடங்கியவரை மற்ற அட்மின்களால் நீக்கவோ இறக்கவோ ஏலாது. ஆகவே தொடங்கியவர் இன்றே அமைப்புகளில் கணக்குப் பகுதிக்குப் போய் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, அதற்குத் தானே தெரிவுசெய்யும் ஆறு இலக்க எண்ணை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

எனக்கு அலுத்துப்போச்சு. அட்மின் வேலையை விட்டுட்டுப் போகலாமா?

போகலாம், ஆனால் ஒழுங்காக. ஒரே அட்மினாக இருந்தவர் வெளியேறினால் வட்ஸ்அப் யாரோ ஒரு உறுப்பினரை எழுந்தமானமாக அட்மினாக்கும். அது போன மாதம் நீக்கித் திரும்பச் சேர்த்தவராகவும் இருக்கலாம். குறைந்தது இரண்டு பேரை அட்மினாக்கி, கொப்பியைக் கையளித்து, அழைப்பு லிங்கை மாற்றி, புதியவர்களை அட்மின் அனுமதித்தபின்தான் சேர்க்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு வெளியேறுங்கள். பழைய லிங்க் எந்தக் கடைச் சுவரில் ஒட்டிக் கிடக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். புதிய அட்மினுக்கு அதையும் சொல்லுங்கள்.